கருந்துளைக்கு வைத்த பொட்டு

1

கருந்துளை பெட்டியில் அடைபட்டு லொறியில் வந்து இறங்கும் என்றால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். என் தம்பி சுரேஷும் நம்பவில்லை. எங்கள் ஊர் கிரானில் உழவு இயந்திரம் வைத்து மூன்று வயல்வட்டைக்கு உழுது கொடுக்கிறவன் அவன். “அக்கா, ஆரோ உன்ன நல்லா ஏமாத்துறான்” என்று தொலைபேசியில் சிரித்தான்.

யாரும் ஏமாற்றவில்லை. அந்தப் பெட்டிகளைக் கையெழுத்துப் போட்டு வாங்குகிறவளே நான்தான்.

இந்த மாதத்தோடு நான் ஜெர்மனிக்கு வந்து பதினேழு வருடம். வந்த நாளை இங்கே எங்கள் ஆட்கள் யாரும் கேக் வெட்டிக் கொண்டாடுவதில்லை. ஆனால் ஒருவருக்கும் அது மறப்பதும் இல்லை. அந்த நாள் கிட்ட வரும்போது, வந்து என்னத்தைக் கிழித்தாய் என்று மனம் கேட்கத் தொடங்கும். பதினாறு வருடமும் எனக்கு அந்தக் கேள்வியில் எரிச்சல்தான் வந்தது. இந்த வருடம்தான் முதல்முறையாக ஒரு ஆறுதல். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் வெட்கக்கேடான கதை. இருக்கட்டும்.

மட்டக்களப்பு ஆள் எழுதினால் வாவியில் பாடும் மீன் வந்தே தீரவேண்டும் என்று எல்லோருக்கும் ஒரு எதிர்பார்ப்பு. இதில் அது வராது. இப்போதே சொல்லிவிடுகிறேன்.

2

ஊரில் நான் பௌதிகவியல் படித்துப் பட்டம் வாங்கியவள். இங்கே வந்ததும் அந்தப் பட்டத்தைக் கொண்டுபோய் ஒரு அலுவலகத்தில் நீட்டினேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் மூலப்பிரதி கேட்டார். கொடுத்தேன். மொழிபெயர்ப்புக் கேட்டார். அது ஆங்கிலத்தில்தானே இருக்கிறது என்றேன். ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்கு, அதுவும் நீதிமன்றத்தில் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர் செய்யவேண்டுமாம். அதையும் செய்தேன். பிறகு பெயரில் பிடித்தார். பட்டத்தில் அப்பாவின் பெயர் முன்னால் இருக்கிறது, கடவுச்சீட்டில் பின்னால் இருக்கிறது. இந்த இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்பதற்குக் கொழும்பிலிருந்து முத்திரை குத்திய கடிதம் வேண்டும் என்றார். நான்தான் நான் என்று நிரூபிக்கும் அந்தக் கடிதம் வந்து சேர்ந்தபோது, முதலில் கொடுத்த மொழிபெயர்ப்புக் காலாவதியாகிவிட்டது.

அதற்குள் வயிறு காத்திருக்குமா? ஒரு பாண் சுடுகிற தொழிற்சாலையில் சேர்ந்தேன். வெட்டிய பாண் ஓடிவரும், நான் உறையை விரித்துப் பிடிப்பேன். பதினொரு வருடம் விரித்துப் பிடித்தேன்.

மொழி தனிக் கூத்து. ஜெர்மன்காரருக்கு மேசை ஆண், கதவு பெண். சிறுமி மட்டும் அஃறிணை. இதைக் கேட்ட அன்றே எனக்கு அந்த மொழியில் மரியாதை போய்விட்டது. இன்றைக்கும் நான் வாயைத் திறந்தால் மேசைக்குச் சேலை கட்டிவிடுவேன். பக்கத்தில் என் மகள் அபி நின்றால் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வாள். அவளுக்குப் பதினாறு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். அவள் கொஞ்சம் கொஞ்சமாக என் கையைவிட்டுப் போகிறாள் என்பது எனக்கு விளங்கிக்கொண்டுதான் இருந்தது. என்ன செய்வதென்றுதான் விளங்கவில்லை.

போன வைகாசியில் ஒரு ஆய்வு நிலையம் ஆள் கேட்டு விளம்பரம் போட்டிருந்தது. பெயர் வேண்டாம். உலகத்தின் மலைகளிலிருந்து வரும் தரவுப் பெட்டிகளை வாங்கி, பதிந்து, கணினியின் வாசிப்பு இயக்கியில் ஏற்றிக் கொடுக்கும் களஞ்சிய வேலை. பௌதிகவியல் தெரிந்தால் நல்லது என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காக விண்ணப்பித்தேன். கிடைத்தது. ஆனால் ஆறு மாதம் பரீட்சார்த்த காலம். அதற்குள் பிடிக்காவிட்டால் காரணம் சொல்லாமலே அனுப்பிவிடலாம். அனுப்பினால் நான் திரும்பிப் போகவேண்டிய இடம் அந்தப் பாண் வரிசைதான். தூக்கத்திலும் எனக்கு அந்த ஆறு மாதம்தான்.

3

கருந்துளையிலிருந்து வெளிச்சம் வராது. போன வெளிச்சமும் திரும்பாது. பிறகு அதை எப்படி ஆராய்வது? அதை நேரே பார்ப்பதில்லை. அதன் அயலில் இருக்கிறவர்கள் படும் பாட்டைப் பார்த்துத்தான் அது அங்கே இருக்கிறது என்று அறிவது.

நம்முடைய பால்வெளியின் நடுவில் ஓரிடத்தில் ஒன்றுமே தெரியாது. ஆனால் பெரிய நட்சத்திரங்கள் அந்த ஒன்றுமில்லாத இடத்தைச் சுற்றித் தலைதெறிக்க ஓடுகின்றன. சிலர் அந்த ஓட்டத்தை வருடக்கணக்காக, தலை நரைக்கும் வரைக்கும் படம் எடுத்துப் பார்த்து, நடுவில் குந்தியிருப்பது எத்தனை சூரியன் பாரம் என்று சொன்னார்கள். வேறு சிலர், இரண்டு கருந்துளைகள் மோதும்போது வெளி முழுவதும் நடுங்கி வரும் அதிர்வைக் கிலோமீற்றர் கணக்கில் நீண்ட குழாய்களுக்குள் லேசர் விட்டுப் பிடிக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்ததாம். இடைக்கிடை பொய் அதிர்வு ஒன்றை ஒருவருக்கும் சொல்லாமல் கருவிக்குள் விடுவார்கள். தங்கள் ஆட்கள் அதைக் கண்டுபிடிக்கிறார்களா, கண்டதும் துள்ளாமல் நிதானமாகச் சோதிக்கிறார்களா என்று பார்க்க. மாதக்கணக்கில் பாடுபட்ட பிறகு, அது நாங்கள் விட்டதுதான் என்று சொல்வார்களாம். எங்கள் ஊரில் என்றால் அடிபிடி நடந்திருக்கும்.

எங்கள் நிலையத்தின் வழி வேறு. கருந்துளைக்குள் விழப்போகும் வாயு சுழன்று சூடேறி வானொலி அலைகளை விடும். அந்த ஒளிர்வின் நடுவில் ஒரு இருட்டு இருக்கும். அதைப் படம் பிடிக்கப் பூமியளவு அகலமான அலைவாங்கி வேண்டும். அப்படி ஒன்றை யார் கட்டுவது? அதனால் பல கண்டங்களில், மலை உச்சிகளில் இருக்கும் அலைவாங்கிகள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தைப் பார்க்கின்றன. ஒவ்வொரு மலையிலும் ஒரு அணுக்கடிகாரம். வந்து விழுகிற அலையை அந்தக் கடிகாரத்தின் நேரத்தோடு ஹார்ட் டிஸ்க்கில் எழுதிக்கொள்கிறார்கள். கம்பி வழியாக அனுப்ப முடியாத அளவு தரவு. ஆகவே விமானத்தில் ஏற்றி அனுப்புகிறார்கள். தென் துருவத்துப் பெட்டிகள் மட்டும் அங்கே குளிர்காலம் முடிந்து விமானம் போகும்வரை மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும்.

பெட்டிகள் எங்களிடம் வந்ததும் ஒரு பெரிய கணினி எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிட்டு, இந்த மலையில் விழுந்த அலையும் அந்த மலையில் விழுந்த அலையும் ஒன்றுதானா, எவ்வளவு பிந்தி விழுந்தது என்று தேடும். நான் அதை என் மனதுக்குள் பொருத்தம் பார்ப்பது என்று சொல்லிக்கொள்வேன். பொருந்தினால் திரையில் ஒரு கூர் முனை எழும்பும். பொருந்தாவிட்டால் புல்வெளிபோல வெறும் இரைச்சல்.

இதைச் சுரேஷுக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு. கடைசியில் அவன்தான் எனக்கு விளங்கப்படுத்தினான்.

“மைம்மல் இருட்டில யானை பத்தைக்குள்ள நிக்கிது அக்கா. கண்ணுக்குத் தெரியா. நான் இந்த வரம்பில, மச்சான் அந்த வரம்பில. தடி முறியிற சத்தம் உனக்கு எந்தப் பக்கம் கேக்குது எண்டு போன்ல கேப்பன். எனக்கு இந்தப் பக்கம். ரெண்டும் சந்திக்கிற இடத்தில ஆள் நிக்கிறார். இதத்தானே சொல்றாய்?”

இதைத்தான் சொல்கிறேன் என்றேன்.

“இதுக்கா உங்களுக்கு இவ்வளவு செலவு?”

4

நவராத்திரி வாணி விழாவின் கடைசி நாள் சுரேஷ் வீடியோவில் வந்தான். உழவு இயந்திரத்தைக் கழுவித் துடைத்து, முன்னால் சந்தனமும் குங்குமமும் வைத்து, சில்லுக்கு விபூதி பூசி, தேசிக்காய் குத்தி நிறுத்தியிருந்தான். வருடா வருடம் காட்டுவதுதான். முடிவில் கேட்டான்.

“உன்ட மெசினுக்கு வெச்சியா?”

“இஞ்ச அதெல்லாம் ஏலாது.”

“ஏலாதெண்டு ஆர் சொன்ன? கேட்டியா?”

கேட்கவில்லை. அபி பக்கத்திலிருந்து, “ஹார்ட் டிஸ்க்குக்குப் பொட்டா? அம்மா, ப்ளீஸ் வேணாம்” என்று சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அடுத்த நாள் விஜயதசமி. காலையில் களஞ்சியத்துக்கு எட்டுப் பெட்டிகள் வந்து இறங்கின. பெட்டி என்றால் பல ஹார்ட் டிஸ்க்குகளை அடுக்கிப் பூட்டிய, கைபிடி வைத்த உலோகக் கூடு. எல்லாம் ஒரே மலையிலிருந்து வந்தவை. சுங்கத்தில் ஐந்து வாரம் கிடந்தன. அந்த ஐந்து வாரமும் நான் சுங்கத்தோடு மாரடித்தேன். தொலைபேசியில், நான் பெட்டிக்காகக் காத்திருக்கிறேன் என்பதற்குப் பதிலாக, பெட்டி எனக்காகக் காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அந்த மனுசன் சிரித்தார். யோசித்தால் அதுவும் சரிதான். உள்ளே என்ன, பெறுமதி என்ன என்று படிவம் கேட்டது. பாவித்த ஹார்ட் டிஸ்க், வணிகப் பெறுமதி இல்லை என்று எழுதினேன். எழுதும்போது என் பட்டத்தின் நினைப்புத்தான் வந்தது.

அப்படிப் பாடுபட்டு எடுத்த பெட்டிகள். அன்று விஜயதசமி. அறையில் யாரும் இல்லை. என் கைப்பையில் எப்போதும் ஒரு சின்னச் சந்தன டப்பா கிடக்கும்.

நான் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். குங்குமம் தூள், பறக்கும் என்று அதைத் தொடவில்லை. அவ்வளவு புத்தி இருந்தது. சந்தனத்தை ஒள்ளுப்பம் தண்ணீர் தொட்டுக் குழைத்து, ஒவ்வொரு பெட்டியின் பின்பக்கத்திலும், கைபிடிக்குக் கீழே, யாருக்கும் தெரியாத இடத்தில் ஒரு பொட்டு வைத்தேன். ஒன்றை விட்டால் அது கோபிக்கும் என்று எண்ணி எட்டுக்கும் வைத்தேன். படித்தவள்தான். படிப்பு ஒரு பக்கம், பழக்கம் ஒரு பக்கம்.

மனம் குளிர்ந்துபோய் மத்தியானம் நல்லாகச் சாப்பிட்டேன்.

5

ஏழு பெட்டிகள் அழகாகப் பொருந்தின. எட்டாவது பொருந்தவில்லை. திரையில் வெறும் புல்.

எங்கள் அறைக்குப் பொறுப்பானவர் ஹைக்கே. ஐம்பது தாண்டிய பெண். ஐப்பசிக் குளிரிலும் சட்டைக் கையை மடித்துவிட்டபடி நிற்பார், தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார். கடிகாரம் பிந்தியிருக்குமோ என்று பார்த்தார். அலைவரிசை மாறியிருக்குமோ என்று பார்த்தார். மலைக்கு எழுதிக் கேட்டார். பதிவு நடக்கும்போது எல்லாம் சரியாக இருந்தது என்று பதில் வந்தது. பெட்டிக்குள் இருந்த நிலையப் பெயரும் சரி, நாளும் சரி, நேரமும் சரி. பொருத்தம் மட்டும் இல்லை. ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது.

எனக்கு மட்டும் காரணம் தெரியும். சந்தனம். குழைத்த தண்ணீர் ஏதோ ஒரு இடுக்கால் உள்ளே போயிருக்கிறது. அந்த இரவில் கருந்துளை இருந்ததைப்போல இன்னொரு இரவில் இருக்கப்போவதில்லை. அந்த வாயு மணிக்கு மணி மாறுகிறது. போனால் போனதுதான். ஒரு மலையே உறைந்துகொண்டு பதிந்ததை நான் ஒரு விரல் நுனியால் அழித்துவிட்டேன்.

சேர்ந்த முதல் நாளே ஹைக்கே ஒரு குறிப்பேட்டைக் காட்டியிருந்தார். “பெட்டி கைதவறி விழுந்தால் விழுந்தது என்று எழுதுங்கள். காப்பி கொட்டினால் கொட்டியது என்று எழுதுங்கள். நேரத்தோடு எழுதுங்கள். எழுதாததைத்தான் எங்களால் திருத்த முடியாது” என்றார். தலையாட்டினேன். ஆனால் நான் வளர்ந்த காலத்தில், எங்கள் பக்கத்தில், சோதனைச் சாவடிக் கொப்பியில் பெயர் ஏறுவது நல்லதுக்கில்லை. எழுதப்படாமல் இருக்கிறவன் வீட்டுக்கு வந்து சேருவான். அந்தப் பாடத்தை ஒரு ஜெர்மன் குறிப்பேடு வந்து அழித்துவிடுமா? நான் எழுதவில்லை. கார்த்திகை முடிந்தால் பரீட்சார்த்த காலமும் முடியும். அதுவரை வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் கணவருக்குக்கூடச் சொல்லாமல் சுரேஷுக்கு மட்டும் சொன்னேன். அவன் என்னைவிடத் தெளிவு.

“சும்மா கிட அக்கா. ஆர் பாத்த? பொட்டு வெச்சுக் கெட்டுப்போன மெசின நான் இன்னும் காணல்ல.”

“அந்த ஒரு பெட்டிதானே வேலை செய்யுதில்ல.”

“மத்த ஏழும் செய்யுதே. அதுக்கென்ன சொல்றாய்?”

அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் பயந்தவளுக்கு நியாயம் எங்கே காதில் ஏறும். வீட்டில் சோறு குழைந்தது, கறியில் உப்பு இரண்டு தரம் விழுந்தது. அபி தட்டைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், ஒன்றும் கேட்கமாட்டாள்.

6

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை காலை எல்லோரையும் மேசைக்குக் கூப்பிட்டார் ஹைக்கே. ஏழெட்டுப் பேர் இருந்தோம். இனித் தேடுவதில்லை, எட்டாவது பெட்டியை இழப்பென்று எழுதிவிடுவோம் என்றார். மூலையில் இருந்த ஒருவர், மற்ற ஏழையும் வைத்து அந்த இடைவெளியை ஊகித்து நிரப்பலாமே என்றார்.

“முடியாது” என்றார் ஹைக்கே. “ஊகித்தால் நாங்கள் பார்க்க ஆசைப்படுவதைத்தான் பார்ப்போம். இந்தத் தரவை வைத்துப் படம் செய்யும் குழுக்களையே ஒன்றோடொன்று பேசவேண்டாம் என்று தனித்தனி அறையில் வைத்திருக்கிறோம். வளையம் இல்லாத பொய்த் தரவைக் கொடுத்து, அதிலும் வளையம் வரைகிறார்களா என்று சோதிக்கிறோம். அவ்வளவும் செய்துவிட்டு, இங்கே நானே ஊகித்து எழுதுவதா? இல்லை என்றால் இல்லை.”

அவர் பேனாவை எடுத்தார். அந்த மனுசி தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று எழுதப்போகிறார். தெரிந்த நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது. பாண் வரிசையாவது நேர்மையான வரிசை என்று நினைத்தேன். எழும்பிவிட்டேன்.

“நான் ஒன்று செய்தேன்” என்றேன். என் ஜெர்மன் அந்த நேரம் பார்த்து ஓடி ஒளிந்துகொண்டது. ஆணும் பெண்ணும் அஃறிணையும் ஒன்றாகக் கலந்து வந்தன. எங்கள் ஊரில் வருடத்தில் ஒரு நாள் தொழில் செய்யும் பொருளுக்கு மரியாதை செய்வோம், சந்தன மரத்தை அரைத்த பசையால் ஒரு பொட்டு வைப்போம், அதை நான் எட்டுப் பெட்டிகளுக்கும் வைத்தேன், தண்ணீர் உள்ளே போயிருக்கும், பிழை என்னுடையது என்று ஒரு மாதிரிச் சொல்லி முடித்தேன்.

ஹைக்கே கேட்டது ஒரே கேள்வி.

“எந்த இடத்தில்?”

“பின்பக்கம். கைபிடிக்குக் கீழே.”

“வாருங்கள், காட்டுங்கள்.”

களஞ்சியத்துக்குப் போனோம். ஏழு பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பினேன். ஏழிலும் என் பொட்டு காய்ந்து, மஞ்சளாக, ஒட்டிக்கொண்டிருந்தது. பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. இயக்கியில் இருந்த எட்டாவதை இழுத்து எடுத்துத் திருப்பினார் ஹைக்கே. பொட்டு இல்லை.

“இதை மறந்துவிட்டீர்களா?”

“இல்லை. எட்டு வைத்தேன். எண்ணி வைத்தேன்.”

“துடைத்தீர்களா?”

“பொட்டை யாராவது துடைப்பார்களா?” கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஹைக்கே அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அறையின் மற்றக் கோடிக்குப் போனார். அங்கே ஒரு தட்டில், வேலை முடிந்த பெட்டிகள் அழித்துத் திருப்பி அனுப்புவதற்காக அடுக்கியிருக்கும். மறுநாள் வெள்ளிக்கிழமை, அழிக்கிற நாள். ஒவ்வொன்றாகத் திருப்பினார். நான்காவதில் நிறுத்தினார். என்னைக் கூப்பிட்டார்.

கைபிடிக்குக் கீழே என் பொட்டு.

நடந்தது இதுதான். பதிவு நடந்த அந்த இரவில் மலையில் இன்னொரு பதிவுக் கருவியும் ஓடியிருக்கிறது. அதன் கம்பி ஒன்று சரியாகப் பொருந்தாததால் அது எழுதியது வெறும் இரைச்சல். அந்தப் பெட்டியைப் பழுது பார்க்கவென்று தனியாக முன்பே அனுப்பியிருந்தார்கள். நிலையமும் அதே, நாளும் அதே, நேரமும் அதே. என் எட்டும் வந்த வாரம் அதுவும் மேசையில் இருந்தது. மலைக் குளிரில் இரண்டு பெட்டிகளின் எண் ஒட்டிகள் கழன்றிருந்தன. புதிதாக அச்சடித்து ஒட்டியபோது இரண்டும் மாறிவிட்டன. மூன்று வாரமாக நாங்கள் பொருத்தம் பார்த்தது இரைச்சலுக்கு. உண்மையான எட்டாவது, அழிக்கிற தட்டில் வரிசை பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது.

“ஒட்டியது நான்” என்றார் ஹைக்கே. எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். குறிப்பேட்டை எடுத்துத் தன் பெயரை எழுதி, எண் ஒட்டிகளை மாற்றி ஒட்டினேன் என்று ஒரே வரியில் எழுதி, நேரத்தையும் போட்டார். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பல் துலக்குகிறவர் முகம். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார்.

நானும் எழுதினேன். என் பெயரும், அப்பாவின் பெயரும், சந்தனப் பொட்டும். எழுதி முடித்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

சரியான பெட்டியை ஏற்றினோம். இரண்டு மணித்தியாலம் பிடித்தது. திரையில் புல்லுக்கு நடுவில் ஒரு கூர் முனை எழும்பி நின்றது. ஒருவர் கை தட்டினார். ஹைக்கே கதிரையில் இருந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நன்றாக அழுதேன். மூன்று வாரத்து அழுகை ஒரே தரத்தில் வந்து முடிந்தது. என் அம்மாளாச்சியே, காப்பாற்றிப்போட்டாய் என்று வாய்விட்டுச் சொன்னேன். அங்கே யாருக்குத் தமிழ் தெரியப்போகிறது.

7

பின்னேரம் ஹைக்கே என் மேசைக்கு வந்தார். இனிப் பெட்டிகளின் மேல் எதையும் பூசக்கூடாது, தண்ணீர், பசை, மரம், ஒன்றும் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். சரி என்றேன். போகப் பார்த்தவர் நின்றார்.

“ஒப்பந்தக் கடிதத்துக்கு நீங்கள் இன்னும் பதில் தரவில்லையே. வேலை பிடிக்கவில்லையா?”

“எந்தக் கடிதம்?”

“நிரந்தர ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டு உங்கள் தபால் தட்டில் வைத்து மூன்று வாரம்.”

தபால் தட்டில் என் பெயருக்கு ஒரு மஞ்சள் உறை வந்திருந்தது எனக்குத் தெரியும். வேலையால் நிற்பாட்டுகிற கடிதம் என்று நினைத்து நான் அந்தப் பக்கமே போகவில்லை. மஞ்சள் உறையில் நல்ல செய்தி வந்ததாக என் அனுபவத்தில் இல்லை. இதை ஹைக்கேக்கு எப்படி விளங்கப்படுத்துவது? தபால் பார்க்க நேரம் கிடைக்கவில்லை என்றேன். அன்றைக்கு அது ஒன்றுதான் பொய்.

வீட்டுக்கு வந்து அபியை இருத்திவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு, புல், அழிக்கிற தட்டு, மஞ்சள் உறை. எட்டுக்கும் வெச்சீங்களா என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, கொஞ்ச நேரம் மேசையைச் சுரண்டிக்கொண்டு இருந்தாள்.

“அம்மா, நானும் ஒண்டு சொல்லணும்.” தமிழில்தான் சொன்னாள். “நான் சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போறதில்ல. ஜனவரில இருந்து. அந்த நேரம் ஆத்தில துடுப்புப் படகு ஓட்டுறன். கிளப்பில சேந்திருக்கன்.”

“ஆரைக் கேட்டுச் சேந்தாய்?”

“அப்பாட்ட கையெழுத்து வாங்கினன்.”

அவருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. வாய் வரைக்கும் வந்த சத்தத்தை அடக்கிக்கொண்டு, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்க பயப்பிடுவீங்க. கடிதம் வந்தாப் பயம். பெல் அடிச்சாப் பயம். தண்ணியெண்டா எனக்கு நித்திரையே இல்ல எண்டு சொல்லுவீங்க.” பாதியில் ஜெர்மனுக்குத் தாவி, மறுபடி தமிழுக்கு வந்தாள். “உங்களுக்கு இருக்கிற பயம் போதும் அம்மா. நான் இன்னொண்டு தர விருப்பமில்ல. அதான் ஒண்டையும் சொல்றதில்ல.”

பிள்ளை என்னைவிட்டு விலகிப் போகிறாள் என்று நான் இத்தனை நாள் அழுதுகொண்டிருந்தேன். அவள் எனக்குக் காவல் நின்றிருக்கிறாள். அவள் கையைப் பிடித்தேன். துடுப்புப் பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்த்துப்போய் இருந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

“இப்பவும் பயமா?” என்று கேட்டாள்.

“இல்ல” என்றேன். சொன்ன பிறகுதான் அது பொய்யில்லை என்று எனக்கே தெரிந்தது.

“அப்ப சனிக்கிழமை வந்து பாருங்க. ஆனா கரையில நிண்டு கத்தக்கூடாது. எல்லாரும் பாப்பாங்க.”

“கத்தமாட்டன்.”

போன சனிக்கிழமை போனேன். கத்தத்தான் செய்தேன். பயத்தில் இல்லை.